ஒரே லைனில் இரண்டு வீடு

எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் வந்த புதிதில் அது மற்ற நாளெல்லாம் ஒழுங்காக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அறுந்து அறுந்து போனது. மழைக்கு அறுந்தால் புரியும். கரண்ட் போய் அறுந்தாலும் புரியும். கிழமை பார்த்து அறுகிற லைனை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. பல்லடத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். இருபது பேருக்கு முன்னால் நின்று இன்டர்நெட் எப்படி வேலை செய்கிறது என்று போர்டில் படம் போட்டு விளக்குகிற ஆள். வீட்டில் என் லைன் ஏன் அறுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. இதை நான் சென்டரில் யாரிடமும் சொல்லவில்லை, மானம் போய்விடும்.

அந்தக் காலத்து இன்டர்நெட் போன் லைன் வழியாகத்தான் வரும். போனிலிருந்து வயரைப் பிடுங்கி, மோடம் என்கிற பெட்டியில் செருக வேண்டும். மோடம் ஒரு நம்பருக்கு டயல் செய்யும். மறுமுனை எடுத்ததும் இரண்டும் கீச்சென்று கத்திக்கொள்ளும், கரகரக்கும், அப்புறம் அடங்கும். அடங்கினால் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் போன் பேச முடியாது, வெளியிலிருந்து யாரும் கூப்பிடவும் முடியாது. எங்கள் எக்ஸ்சேஞ்ச் பழைய எக்ஸ்சேஞ்ச் என்பதால் மோடமும் பழைய முறையில்தான் டயல் செய்தாக வேண்டும், ஒவ்வொரு எண்ணுக்கும் லைனை விட்டு விட்டுத் தட்டி.

எங்கள் ஊர் கோயமுத்தூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஊர் முழுக்கத் தறி. எங்கள் வீடு பாதி வீடு. பாதி என்றால் பாதிதான். தாத்தா கட்டிய ஒரே வீட்டை, அப்பாவும் அப்பாவின் அண்ணனான பெரியப்பாவும் நடுக்கூடத்தில் ஒரு சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டார்கள். நிலத்தைப் பிரித்தார்கள், மாடுகளைப் பிரித்தார்கள், அண்டா குண்டா எல்லாம் பிரித்தார்கள். கிணற்றைப் பிரிக்க முடியாது என்பதால் முறை வைத்துக்கொண்டார்கள், ஒரு நாள் எங்கள் மோட்டார், மறுநாள் அவர்கள் மோட்டார். அந்த முறையில்தான் சண்டை வந்தது. ஒரு கோடையில் யாருடைய முறையில் யார் மோட்டாரைப் போட்டது என்று ஆரம்பித்து, பேச்சு வார்த்தை நின்றே போனது. கிணறும் பிறகு வற்றிவிட்டது. சண்டை மட்டும் குறையாமல் ஊறிக்கொண்டிருந்தது.

பிரிக்க மறந்தது போனைத்தான். மறந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. கனெக்‌ஷன் தாத்தா பெயரில் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டுப் புதிதாக எழுதிப் போட்டால் எத்தனை வருடத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அந்த ஒரே லைனை சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்து, வீட்டுக்கு ஒரு போனாக வைத்துக்கொண்டார்கள். தாத்தா வைத்திருந்த கறுப்பு டயல் போன் மூத்தவர் என்கிற முறையில் பெரியப்பாவுக்குப் போனது. நாங்கள் பட்டன் போன் வாங்கிக்கொண்டோம். மணி அடித்தால் இரண்டு வீட்டிலும் அடிக்கும். எடுத்தவர், தங்களுக்கு இல்லையென்றால், சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். அந்தப் பக்கத்தில் எடுத்துக்கொள்வார்கள். வாயைத் திறந்து 'உங்களுக்குத்தான்' என்று சொல்ல மாட்டோம். வருடக்கணக்காக இரண்டு குடும்பங்களும் சுவரைத் தட்டித்தான் பேசிக்கொண்டன.

பெரியப்பாவுக்கு ஒரே மகன். என்னைவிட ஒரு வயது மூத்தவன், எனக்கு அண்ணன். சுவர் எழும்பும்வரை ஒன்றாகத்தான் வளர்ந்தோம். எழும்பிய பிறகும் பஸ் ஸ்டாப்பில் பேசிக்கொள்வோம், வீட்டில் யாருக்கும் தெரியாது. அவன் சாஃப்ட்வேர் வேலைக்கு அமெரிக்கா போனான். போன புதிதில் ஞாயிறு தவறாமல் காலையில் கூப்பிடுவான். நாங்கள் எடுத்தால் சுவரைத் தட்டுவோம். பெரியம்மா பேசுவது சுவர் தாண்டிக் கேட்கும். அமெரிக்கா தூரம் என்பதால் அவள் கத்தித்தான் பேசுவாள்.

பிறகு பெரியப்பா அவனுக்கு ஒரு பெண் பார்த்து, அவனைக் கேட்காமலேயே பேச்சை முடித்துவிட்டார். அவன் மாட்டேன் என்றான். சொன்ன சொல் போச்சு, ஊரில் தலைகாட்ட முடியவில்லை என்று பெரியப்பாவுக்குக் கோபம். "இனி இந்த ஊட்டுக்கு போன் பண்ணிப்போடாதே" என்று அவர் கத்தியதும் சுவர் தாண்டிக் கேட்டது. அண்ணன் அதோடு கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். அந்த வீட்டுக்கு மட்டும்தான் நிறுத்தினான். எனக்கு மெயில் எழுதினான்.

அவன் எழுதியதன் சாரம் இதுதான். அங்கே கம்பெனியில் இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போட்டால் அங்கேயே வேர் பிடித்துவிடும், திரும்புவது கஷ்டம். போடாவிட்டால் சீக்கிரமே ஊருக்கு வந்துவிடலாம். வருவதற்கு அவனுக்கு ஆசைதான். ஆனால் அப்பா திட்டியபோது அம்மா பக்கத்தில்தான் நின்றிருக்கிறாள், ஒரு வார்த்தை பேசவில்லை, அவளுக்கும் அதே கோபமா என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அந்த வீட்டில் தனக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். அவன் இப்படிக் கேட்டது யாருக்கும் தெரியக் கூடாது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் டைப் செய்து இவ்வளவையும் எழுதியிருந்தான். படிக்கவே அரை நாள் ஆனது.

நல்ல ஆளைப் பார்த்துத்தான் கேட்டான். பெரியம்மா முகத்தை நான் நேருக்கு நேர் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. ரோட்டில் எதிரே வந்தால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் வேலியைப் பார்த்துக்கொண்டு போவோம். சுவரைத் தட்டி 'உங்களுக்கு மகன் மேல் கோபமா' என்று எப்படிக் கேட்பது?

மெயிலில் அவன் அதிகம் எழுத மாட்டான். ஞாயிறு காலையில் சாட்டில் வா, அங்கே எனக்கு சனி சாயங்காலம், நிதானமாகப் பேசலாம் என்றான். அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது. மோடம் டயல் செய்யும், கத்தும், அடங்கும். நான் ஹலோ சொல்வேன், அவன் ஹலோ சொல்வான், லைன் போய்விடும். மறுபடி டயல் செய்தால் டயல் டோன் இல்லை என்று திரையில் எழுதிக் காட்டும். கொஞ்சம் பொறுத்துச் செய்தால் கிடைக்கும், இரண்டு வரி பேசியதும் மறுபடி போகும். ஒரு ஞாயிறு அவன் 'அம்மா' என்று ஆரம்பித்தான், அதோடு போய்விட்டது. அம்மாவைப் பற்றி என்ன சொல்ல வந்தான் என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன்.

முதலில் மோடத்தைச் சந்தேகப்பட்டேன். சென்டரிலிருந்து வேறு மோடம் எடுத்துவந்து போட்டேன். திங்கள் சாயங்காலம் போட்டுப் பார்த்தால் மணிக்கணக்கில் அசையாமல் நின்றது. ஞாயிறு காலை அறுந்தது. அடுத்து வயர். வீட்டுக்குள் வரும் வயரை மாற்றினேன். திங்களில் இருந்து சனி வரைக்கும் தங்கம். ஞாயிறு அறுந்தது. கம்ப்யூட்டரை அழித்து, எல்லா சாஃப்ட்வேரையும் முதலிலிருந்து ஏற்றினேன். அதற்கும் அசரவில்லை. அந்தப் பக்கத்து போனை யாராவது எடுத்தால் லைன் அறும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மணி அடிக்காத போனை யார் எடுக்கப்போகிறார்கள்? அவர்களுக்கு யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தால் ஒரு தரம் எடுப்பார்கள், இரண்டு தரம் எடுப்பார்கள். ஞாயிறு காலையில் இத்தனை தரம் அந்த வீட்டிலிருந்து ஊருக்கெல்லாம் கூப்பிட அவர்கள் என்ன மந்திரி வீடா?

"ஞாயித்துக்கெழம அதுக்கும் லீவு வேண்டாமா? தறியே நிக்குது" என்றாள் அம்மா. எனக்கு வந்த எரிச்சலில் அன்றைக்கு அவளோடு பேசவே இல்லை. அவள் சொன்னதில்தான் பதில் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது, அவளுக்கும் அது தெரியாது.

கம்ப்ளெயின்ட் கொடுத்து லைன்மேனை வரவழைத்தேன். அவர் வந்தது புதன்கிழமை. போனைக் காதில் வைத்தார், கம்பத்தில் ஏறினார், இறங்கினார்.

"லைனு சுத்தமா இருக்குதுங்க அம்மணி. தென்ன மட்டை ஒன்னு கம்பிய ஒரசிட்டு இருந்துச்சு. வெட்டிப்போட்டேன். இனி ஒன்னும் வராதுங்."

"மட்டை ஞாயித்துக்கெழம மட்டும் ஒரசுமாங்க?"

அவருக்கு என் கேள்வி பிடிக்கவில்லை. "அதென்னமோ தெரியலீங்க. உங்க பெரியப்பாவும் இதே கம்ப்ளெயின்ட்டுக்குத்தான் எக்ஸ்சேஞ்சுக்கு ரெண்டு வாட்டி நேர்ல வந்துட்டாரு. லைன்ல ஒரே எரச்சல், பையன் பேசறது கேக்க மாட்டேங்குதுங்கறாரு. ஒரே லைனு, ஒரே கம்ப்ளெயின்ட்டு. ரெண்டு ஊட்டுக்காரரும் ஒருக்கா சேர்ந்து வந்து சொல்லப்படாதுங்களா?"

நான் அதில் பாதியைத்தான் காதில் வாங்கினேன். பையன்தான் கூப்பிடுவதே இல்லையே, பெரியப்பா ஊருக்கு முன்னால் கௌரவத்துக்கு எதையோ சொல்லிக்கொண்டு திரிகிறார் என்று நினைத்தேன். லைன்மேனுக்கு டீ கொடுத்து அனுப்பினேன்.

மட்டை வெட்டிய பிறகு வந்த ஞாயிறு, பெரிய நம்பிக்கையோடு உட்கார்ந்தேன். அண்ணன் அந்த மாதக் கடைசிக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தான். 'நீ ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறாய், அதுவே எனக்குப் பதில்தான்' என்று வேறு எழுதியிருந்தான். லைன் அறுவதால்தான் சொல்ல முடியவில்லை என்று நினைக்க அவனுக்குத் தோன்றவில்லை. சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை என்பதும் உண்மைதான். டயல் செய்தேன். கிடைத்தது. 'அண்ணா, இருக்கிறாயா' என்று அடித்தேன். 'கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று' என்று வந்தது. அறுந்தது.

எனக்கு மோடத்தைத் தூக்கி முற்றத்தில் வீச வேண்டும் போல இருந்தது. அதைச் செய்யாமல், வயரை அதிலிருந்து பிடுங்கி, டயல் டோன் இருக்கிறதா என்று பார்க்கப் போனில் செருகி, ரிசீவரைக் காதில் வைத்தேன்.

டயல் டோன் இல்லை. ஆள் பேசும் சத்தம் கேட்டது.

"...இந்தா, இப்ப என்னமோ டக்குன்னு கேட்டுது. கண்ணு, கேக்குதா? கேக்குதா சாமி?"

பெரியம்மா. ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"எனக்கு ஒன்னுமே கேக்க மாட்டேங்குது கண்ணு. எப்ப எடுத்தாலும் எரச்சலாத்தான் இருக்குது. உங்கப்பாவும் எக்ஸ்சேஞ்சுக்குப் போய் எத்தனையோ சொல்லிப் பார்த்துட்டாங்க, சரி பண்ண மாட்டேங்கறாங்க. பரவால்ல. நீ பேசறது எனக்குக் கேக்காட்டிப் போகுது, நான் பேசறதாச்சும் உனக்குக் கேட்டாச் சரி. சாப்ட்டியா? அங்க குளிரு ஆரம்பிச்சிருக்கும், காதைக் கட்டிக்கோ. அப்பா கோவத்துல சொன்னத மனசுல வெச்சுக்காத கண்ணு. அன்னைக்கு நான் வாயத் தொறந்திருந்தா அவங்களுக்கு இன்னும் கோவம் ஏறியிருக்கும், அதுக்குத்தான் பேசாம நின்னேன். நீ தப்பா நெனச்சிருப்பியோன்னு பயந்துட்டேன். அத்தன சொன்னதுக்கப்புறமும் வாரா வாரம் தவறாம கூப்பிடறயே, எனக்கு அதுவே போதும் சாமி. வெச்சர்றேன், உனக்குக் காசு ஆகும்."

டொக்கென்று வைத்தாள். நானும் வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன், இப்போது டயல் டோன் வந்தது.

எனக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்தது சரிதானா என்று பார்க்க வயரை மறுபடி மோடத்தில் செருகி, டயல் செய்யவிட்டு, கூடத்துச் சுவரில் காதை வைத்தேன். தறி எல்லாம் நின்று ஊரே அமைதியாக இருந்தது. மோடம் லைனைத் தட்டத் தட்ட, அந்தப் பக்கம் தாத்தாவின் கறுப்பு போனுக்குள் மணி லேசாக அதிர்ந்தது. டிங், டிங், டிங். மணி அடிப்பது என்று சொல்ல முடியாது, அடிக்க முயன்று முடியாமல் போவது மாதிரி ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்துப் பின்கட்டிலிருந்து யாரோ ஓடிவரும் காலடி கேட்டது. நான் பாய்ந்து மோடத்தின் வயரைப் பிடுங்கினேன்.

மற்ற நாட்களில் தறிச் சத்தத்தில் அந்த டிங் யார் காதிலும் விழுவதில்லை. ஞாயிறு விழுந்தது. மகன் கூப்பிடுகிற அதே கிழமை, அதே நேரம். பின்கட்டிலிருந்து வந்து எடுப்பதற்குள் எனக்கு லைன் கிடைத்து இரண்டு வரி பேசியிருப்பேன். எடுத்தால் மோடம் கத்துகிற கத்தல். அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டால் இப்படித்தான் இருக்கும்போல, லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு, அறுந்த லைனில் பேசி முடித்துவிட்டு வைத்திருக்கிறாள். எத்தனை ஞாயிறாக என்று யோசித்தபோது எனக்கு அழுகை வந்தது. அம்மா வந்து என்ன என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

நியாயமாக அப்போதே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பெரியம்மா, அது அண்ணன் இல்லை, என் மோடம் என்று. எழுந்து வாசல்வரை போனேன். சொல்லிவிட்டால் அவளுக்கு என்ன மிஞ்சும்? மகன் மாதக்கணக்கில் ஒரு தரம்கூடக் கூப்பிடவில்லை என்பதுதான் மிஞ்சும். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன். அதை அவளிடம் அல்ல, அண்ணனிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் தறி ஓட ஆரம்பித்ததும் அண்ணனுக்கு மெயில் எழுதினேன். டிங் சத்தம், காலடி, மோடம் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, பெரியம்மா பேசியதை அவள் பேசியபடியே ஞாபகத்திலிருந்து டைப் செய்தேன். காதைக் கட்டிக்கோ என்றதையும் விடவில்லை. பெரியப்பா எக்ஸ்சேஞ்சுக்கு நடையாக நடந்ததையும் எழுதினேன். கடைசியில் என் பங்குக்கு, 'வரும் ஞாயிறு காலை நான் லைனைத் தொட மாட்டேன், உன் வீட்டுக்கு நீயே கூப்பிட்டுக்கொள்' என்று கொஞ்சம் கோபமாகவே முடித்தேன். அவன் மேல் கோபம்தான். ஒரு போன் செய்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அப்பாவும் மகனும் ஒரே வார்ப்பு.

பதில் வரவில்லை. செவ்வாய் பார்த்தேன், புதன் பார்த்தேன், சனி ராத்திரிவரை பார்த்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டான், அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஞாயிறு காலை மோடத்தை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, போனைச் செருகிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. டிங் வரவில்லையே என்று பெரியம்மாவும் அங்கே உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. இவன் கூப்பிடாவிட்டால் அவளுக்கு இருந்த இரைச்சலும் இல்லாமல் போகும். இந்த ஏற்பாட்டைச் செய்ததற்கு என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மணி அடித்தது. இரண்டு வீட்டிலும் முழு மணி. அப்பா வெளியே போயிருந்தார். சமையலறையிலிருந்து வந்த அம்மா பழக்கத்தில் கையை நீட்டினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எடுக்காதம்மா. அவங்களுக்கு."

"எடுக்காமயே உனக்கு எப்படித் தெரியும்?"

அதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள், மணி நின்றது.

"கண்ணு!" பெரியம்மாவின் குரல் சுவர் தாண்டி வந்தது, வழக்கம்போலக் கத்தலாக. பிறகு அவள் குரல் வேறு மாதிரி வந்தது. "என்ன கண்ணு, இத்தன தெளிவாக் கேக்குது? பக்கத்துல இருந்து பேசற மாதிரி இருக்குது. போத்தனூர் வந்துட்டியா?"

அண்ணன் சென்னையில் வேலை பார்த்த காலத்தில் கேரளா போகிற ரயில்களில் ஏறி வருவான். அதெல்லாம் கோயமுத்தூர் ஜங்ஷனுக்குள் வராமல் போத்தனூர் வழியாகவே போய்விடும். அங்கே இறங்கி, ஸ்டேஷனுக்கு வெளியே பூத்திலிருந்து கூப்பிட்டால், பெரியப்பா கார் எடுத்துக்கொண்டு போய்க் கூட்டி வருவார்.

அவன் என்ன சொன்னானோ, அதை முழுதாகக் கேட்க அவளுக்குப் பொறுமை இல்லை. "ஏனுங்க! ஏனுங்க! பையன் வந்துட்டானுங்க, போத்தனூர்ல இருந்து பேசறானுங்க!" என்று பின்கட்டைப் பார்த்துக் கத்தினாள்.

கார் ஷெட்டின் தகரக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம்.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து ரோட்டுக்கு ஓடினேன். கார் அவர்கள் கேட்டைத் தாண்டி எங்கள் வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தது. பெரியப்பா சட்டைகூடப் போட்டிருக்கவில்லை, பனியனும் தோளில் துண்டுமாக உட்கார்ந்து ஓட்டினார். நான் நடு ரோட்டில் நின்று கையை ஆட்டினேன். பிரேக் போட்டார்.

"பெரியப்பா, போகாதீங்க! அண்ணன் போத்தனூர்ல இல்லீங்க. அமெரிக்காவுலதான் இருக்கான். அங்கிருந்துதான் பேசறான்."

அத்தனை வருடம் கழித்து நான் அவரோடு பேசிய முதல் பேச்சு இது. அவர் என்னைப் பார்த்தார். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. முகத்தில் இருந்த அவசரம் அப்படியே இறங்கிப்போனதைப் பார்த்தேன். நிறுத்தியிருக்க வேண்டாமோ என்று எனக்குப் பட்டது.

"போனை வெச்சுட்டானா?" என்றார்.

"இல்லீங்க. பெரியம்மா பேசிட்டிருக்காங்க."

அவர் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். பிறகு எங்கள் வாசலைப் பார்த்தார். எங்களுடையது பக்கத்தில் இருந்தது. காரை ரோட்டில் அப்படியே விட்டு இறங்கி, செருப்புக்கூட இல்லாமல் எங்கள் வீட்டுக்குள் போனார். சுவர் எழுப்பிய பிறகு அவர் அந்தப் படியை ஏறியதே இல்லை. கூடத்தில் நின்றிருந்த அம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு "வாங்க" என்றாள், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

நான் பின்னாலேயே போனேன். அவர் எங்கள் போனை எடுத்துக் காதில் வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா இன்னும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் பேச்சு முடிய அவர் காத்திருந்தார். அது முடியாது என்று தெரிந்ததும், நடுவில் புகுந்து, "ஏப்பா, எப்ப வர்ற?" என்றார்.

அந்தப் பக்கம் பெரியம்மா சட்டென்று நிறுத்திவிட்டாள். அண்ணன் என்ன பதில் சொன்னான் என்பது எனக்குக் கேட்கவில்லை. பெரியப்பா "ம்" என்றார், இன்னொரு தரம் "ம்" என்றார், துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். ரோட்டில் காரின் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்ததால், நான் போய் அதை நிறுத்திவிட்டு வந்தேன்.